கிறிஸ்துமஸ் எத்தனை மணிக்கு?

டிசம்பர் 24, பிற்பகல் மூன்று மணி. மாமனார் வெள்ளைச் சட்டை, சிவப்பு டை, பளபளக்கும் கறுப்பு ஷூ சகிதம் கூடத்து சோபாவில் வந்து அமர்ந்துவிட்டார். அவர் கணக்கில் பண்டிகை தொடங்கிவிட்டது. அதே நேரத்தில் மாமியார் சமையலறையில் பழைய ஸ்வெட்டரோடும் முழங்கை வரை மாவோடும் பிஸ்கட் தட்டுகளை ஓவனுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார். அவர் கணக்கில் பண்டிகைக்கு இன்னும் ஓர் இரவு பாக்கி இருக்கிறது. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில், கையில் ஊறுகாய் மீன் கிண்ணத்தோடு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றவள் நான். திருமணமாகி அமெரிக்காவுக்கு, மினசோட்டா மாநிலத்து மினியாபொலிஸ் நகருக்கு வந்த முதல் டிசம்பர் அது.

இது சாப்பாட்டுச் சண்டை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். எந்த வீட்டு இறைச்சி, எந்த வீட்டு இனிப்பு என்று தீர்த்துவிட்டால் போதும் என்று நம்பி மூன்று நான்கு ஆண்டுகள் அடுப்படியில் சமரசம் செய்துபார்த்தேன். பிறகுதான் புரிந்தது, சண்டை கடிகாரத்தில் இருக்கிறது என்று.

மாமனார் ஸ்வீடனில் யேவ்லே என்ற ஊர்க்காரர். வேலைக்காக வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். மாமியார் மினசோட்டாவில் பிறந்து வளர்ந்தவர். ஆனால் அவருடைய முன்னோர்கள் தெற்கு ஸ்வீடனின் ஸ்மோலாந்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1930 வரை சுமார் 13 லட்சம் ஸ்வீடன்காரர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களில் பெருங்கூட்டம் ஒன்று மினசோட்டாவில் இறங்கியது. அதனால் மாமியாரும் "நான் ஸ்வீடிஷ்" என்றுதான் சொல்லிக்கொள்வார். அதைக் கேட்கும்போதெல்லாம் மாமனார் காப்பிக் கோப்பைக்குள் சிரிப்பார்.

நான் மயிலாடுதுறைப் பக்கத்து லுத்தரன் குடும்பத்துப் பெண். எங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் முதல் பேராயராக 1921இல் பொறுப்பேற்றவர் எர்ன்ஸ்ட் ஹ்யூமன் என்ற ஸ்வீடன்காரர். திருமணப் பேச்சின்போது இதைச் சொன்னதும், நான் ஏதோ விட்டுப்போன தூரத்து உறவு என்பதுபோல மாமனார் மகிழ்ந்துபோனார். எனக்கும் உள்ளுக்குள் ஒரு தைரியம். இரண்டு நாட்டுப் பண்டிகையும் எனக்குப் பாதி தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டேன். பாதி தெரிந்தவள் படும் பாடு ஒன்றும் தெரியாதவளுக்கு இல்லை.

ஸ்வீடனில் கிறிஸ்துமஸ் என்றால் 24ஆம் தேதிதான். யூலாஃப்டன் என்பார்கள், பண்டிகைக்கு முந்தைய மாலை. விருந்து, பரிசு, விருந்தாளி எல்லாம் அன்றைக்கே முடிந்துவிடும். 25 ஓய்வு நாள். தேவாலயப் பழக்கம் விடாதவர்கள் விடியுமுன் யூலோத்தா என்ற ஆராதனைக்குப் போவார்கள். அமெரிக்காவில் 24ஆம் தேதி பலருக்கு அரைநாள் அலுவலகம். பிள்ளைகள் தூங்கிய பிறகு சாண்டா கிளாஸ் புகைபோக்கி வழியாக இறங்குவார். 25 காலையில் இரவு உடையோடு ஓடிவந்து மரத்தடியில் பரிசுகளைப் பிரிப்பதுதான் உச்சம். ஆக ஒருவருக்கு எல்லாம் முடிந்து கால் நீட்டும் வேளையில் மற்றவருக்குத் தொடங்கவே இல்லை. எங்களைப்போல இரண்டு கொண்டாட்டங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் செப்டம்பரிலேயே 24ஆம் தேதிக்கு விடுப்பு எழுதிக்கொடுத்துவிட வேண்டும். டிசம்பரில் கேட்டால் கிடைக்காது. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மூன்று மணிக்கு மாமனார் ஏன் சோபாவில் வந்து உட்கார்ந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். 24ஆம் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு ஸ்வீடன் தொலைக்காட்சியில் கல்லே ஆங்கா வருவார். கல்லே ஆங்கா வேறு யாருமில்லை, டிஸ்னியின் டொனால்ட் டக் வாத்துதான். பழைய கார்ட்டூன் துண்டுகளைத் தொகுத்த ஒரு மணி நேர நிகழ்ச்சி, 1960இலிருந்து ஆண்டுதோறும் வருகிறது. எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு, எங்கே சிரிக்க வேண்டும், எந்த வசனத்தைக் கூடவே சொல்ல வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம். எங்கள் ஊரில் திருவிழாக் கூத்தில் அடுத்த பாட்டு தெரிந்தும் விடியவிடிய உட்கார்ந்திருப்பார்களே, அப்படி. நிகழ்ச்சியின் மூலம் 1958இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக டிஸ்னி தயாரித்தது. அப்படி ஒன்று இருப்பதே அமெரிக்கரான என் மாமியாருக்குத் திருமணத்துக்கு முன் தெரியாது. "பெரியவர்கள் டை கட்டிக்கொண்டு வாத்து பார்க்கிறார்கள்" என்று முதல் ஆண்டு தன் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னாராம்.

இந்த விஷயத்தில் இருவரும் சமபலம். "உங்கள் சாண்டாவை வரைந்தவனே எங்கள் ஆள்" என்பார் மாமனார். பொய்யில்லை, 1931 முதல் கோகோ கோலா விளம்பரங்களுக்குச் சிவப்புக் கோட்டுச் சாண்டாவை வரைந்த ஹாடன் சண்ட்ப்ளம், மிச்சிகனில் ஸ்வீடிஷ் பேசும் குடும்பத்தில் பிறந்தவர். "உங்கள் மூன்று மணி வாத்து எங்கள் ஆள்" என்பார் மாமியார். பிறகு இருவரும் சமாதானமாகக் காப்பி குடிப்பார்கள்.

சாண்டாவின் ஸ்வீடன் பங்காளிக்கு டொம்டே என்று பெயர். பழைய நம்பிக்கையில் பண்ணை வீட்டைக் காக்கும் குள்ளக் கிழவர். நம் ஊர்க் காவல் தெய்வத்துக்குச் சற்று நெருக்கம். மாட்டைக் கவனித்துக்கொள்வார், பதிலுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி வைக்க வேண்டும், வைக்காவிட்டால் கோபித்துக்கொள்வார். இன்றைய டொம்டே சாண்டாவைப்போலவே உடுத்திக்கொண்டாலும் புகைபோக்கிப் பக்கம் போவதில்லை. 24 மாலை வாசல் கதவைத் தட்டி, "இங்கே நல்ல பிள்ளைகள் யாராவது உண்டா?" என்று நேரில் கேட்டுப் பரிசு கொடுப்பார். பரிசுக்கு ஸ்வீடிஷில் யூல்க்ளாப் என்று பெயர். க்ளாப் என்றால் தட்டுதல். டொம்டே வருவதற்குச் சற்று முன் வீட்டில் ஓர் ஆண்பிள்ளை "செய்தித்தாள் வாங்கிவருகிறேன்" என்று வெளியே போய்விடுவார். எந்தச் செய்தித்தாள், அந்த நேரத்தில் எந்தக் கடை என்று யாரும் கேட்கக் கூடாது.

மகளுக்கு நான்கு வயதானபோது முதல் டொம்டே வந்தார். நாலு மணிக்கு, ஸ்வீடன் முறைப்படி. அங்கேதான் தப்பு. டிசம்பர் கடைசியில் யேவ்லேயில் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மினியாபொலிஸில் நாலரை மணி தாண்ட வேண்டும். முகமூடி, பஞ்சுத் தாடி, சாக்கு மூட்டை எல்லாம் சரியாக இருந்தன. பனியில் பட்டுத் தெறித்த வெளிச்சத்தில் வாசலில் நின்றவரை மகள் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். கால் வரை வந்ததும் பார்வை நின்றுவிட்டது. "ஃபார்ஃபாரின் ஷூ" என்றாள். ஃபார்ஃபார் என்றால் ஸ்வீடிஷில் அப்பாவின் அப்பா. பளபளக்கும் கறுப்பு ஷூ. என் கணவர் உடனே, "டொம்டேயின் பூட்ஸ் நனைந்துவிட்டது, ஃபார்ஃபார் கடன் கொடுத்திருக்கிறார்" என்றார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தோம்.

அன்றிரவு வேறொரு சிக்கல். படுக்கப் போகும் முன் மாமியார் வழக்கப்படி சாண்டாவுக்கு ஒரு தம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் வைத்தார். மகள் கேட்டாள்: "அவர்தான் சாயங்காலமே வந்துவிட்டுப் போய்விட்டாரே, மறுபடி ஏன் வருகிறார்? எதையாவது மறந்துவிட்டாரா?" கூடத்தில் ஐந்து பெரியவர்கள் இருந்தோம். ஒருவருக்கும் பதில் வரவில்லை.

ஷூ விவகாரத்துக்குப் பிறகு டொம்டேயின் வருகையை ஐந்து மணிக்கு மாற்றினோம். இருட்டில் வருவார், கனத்த பனி பூட்ஸ் அணிந்து வருவார், வாசல் விளக்கு அணைந்திருக்கும். வீட்டுச் சாவி சட்டைப்பையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளியே விடுவோம். மைனஸ் 20 டிகிரியில் கதவு தானாகப் பூட்டிக்கொண்ட ஆண்டும் ஒன்று உண்டு. இரண்டு கிழவர்கள் ஏன் என்ற கேள்விக்கும் பதில் தயார் செய்தோம். டொம்டே தாத்தா பக்கத்து ஆள், ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு பரிசு, கையில் கொடுப்பார். சாண்டா பாட்டி பக்கத்து ஆள், கணப்படுப்பில் தொங்கும் காலுறைகளை இரவில் நிரப்புவார். இருவரும் பங்காளிகள், பேச்சுவார்த்தை உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்கு அப்பா வழி, அம்மா வழி என்று சொன்னால் வேறு விளக்கம் தேவையே இல்லை. ஸ்வீடிஷிலும் அப்படித்தான்: ஃபார்மூர் என்றால் அப்பாயி, மூர்மூர் என்றால் அம்மாச்சி. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். மாமியாருக்கு அந்த ஒரே சொல்தான் பிடிக்கும்.

மூன்று மணிச் சிக்கலைத் தீர்த்தது மாமனாரின் தங்கை. இரண்டு ஊர்களுக்கும் ஏழு மணி நேர வித்தியாசம். யேவ்லேயில் பிற்பகல் மூன்று என்றால் இங்கே காலை எட்டு. அவர் தன் மடிக்கணினியைத் தொலைக்காட்சியை நோக்கித் திருப்பி வைத்துவிடுவார். படம் மங்கலாகத்தான் தெரியும், ஓரத்தில் அவர் வீட்டுப் பூனையின் வால் வந்துபோகும். ஆனால் அதுதான் அசல் மூன்று மணி, பதிவு செய்த மூன்று மணி இல்லை என்பதில் மாமனாருக்கு அப்படி ஒரு திருப்தி. காலை எட்டுக்கே டை கட்டிவிடுவார். பாலில் குழைய வெந்த அரிசிக் கஞ்சியில் பட்டைத்தூள் தூவி அப்போது சாப்பிடுவோம். ஒரே ஒரு பாதாம் பருப்பை அதில் ஒளித்துவைப்பது வழக்கம். யார் கிண்ணத்தில் வருகிறதோ அவருக்கு அடுத்த ஆண்டு கல்யாணம். மாமியாருக்கு இரண்டு முறை வந்திருக்கிறது. ஒன்பது மணிக்கெல்லாம் எழுந்து தன் பிஸ்கட் மாவுக்குப் போய்விடுவார். பகல் முழுதும் அவருடையது, மாலை மாமனாருடையது, மறுநாள் காலை மறுபடி அவருடையது. பாதிப் பாதியாகக் கலப்பதை விட்டுவிட்டு மணிக்கணக்கைப் பிரித்துக்கொடுத்த ஆண்டில்தான் வீட்டில் சத்தம் குறைந்தது.

கலந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பன்றித் தொடை சாட்சி. ஸ்வீடன் முறையில் அது உப்பில் ஊறிய, புகையூட்டாத தொடை. உள்வெப்பம் 70 டிகிரி வரும்வரை மெல்ல வேகவைத்து, தோலை உரித்து, முட்டை மஞ்சள்கருவும் கடுகு விழுதும் சர்க்கரையும் குழைத்துப் பூசி, ரொட்டித்தூள் தூவி, 225 டிகிரி ஓவனில் பத்து நிமிடம் வைத்தால் மேலே பொன்னிற ஓடு பிடிக்கும். அமெரிக்கக் கடையில் கண்ணில் படுவது பெரும்பாலும் புகையூட்டி வேகவைத்தது. அதற்குத் தேனும் பழுப்புச் சர்க்கரையும் பூசுவார்கள். நான் நீதிமானாக நினைத்துக்கொண்டு ஒரே தொடையில் இடப்பக்கம் கடுகு, வலப்பக்கம் தேன் என்று பூசினேன். சூட்டில் தேன் இளகிக் கடுகுப் பக்கம் ஓடி, ரொட்டித்தூளை ஊறவைத்து, தட்டின் விளிம்பில் கரியாகப் பிடித்தது. புகை எச்சரிக்கைக் கருவி அலறியது. இரண்டு பேருமே "நன்றாக இருக்கிறது" என்றார்கள், ஒரே குரலில். திருமண வாழ்க்கையில் அவர்கள் முழுதாக ஒத்துப்போன சில தருணங்களில் அது ஒன்று.

இப்போது இறைச்சிக்கடையில் நவம்பர் நடுவிலேயே சொல்லிவைத்து, புகையூட்டாத சிறு தொடை ஒன்றை வாங்கி வீட்டிலேயே உப்புநீரில் ஊறவைக்கிறேன். அது 24 இரவுக்கு. தேன் பூசியது 25 மதியத்துக்கு.

அதைவிடப் பெரிய சறுக்கல் யான்சனின் சபலம். பெயரே அதுதான். உருளைக்கிழங்கைக் குச்சிகுச்சியாக நறுக்கி, வெங்காயம், பாலேடு, மீன் சேர்த்து ஓவனில் வேகவைப்பது. செய்முறையில் 'ஆன்சோவிஸ்' என்று இருந்தது. நான் ஆன்சோவி என்று இத்தாலியப் புட்டி இரண்டை வாங்கி, இரண்டையும் கொட்டிவிட்டேன். வாயில் வைக்க முடியவில்லை. கருவாட்டுக் குழம்பில் உப்பை இரண்டு முறை போட்டதுபோல இருந்தது. ஸ்வீடனின் ஆன்சோவிஸ் வேறு மீன். அது ஸ்ப்ராட் எனும் சிறுமீன், சர்க்கரை, உப்பு, பட்டை, சந்தனம் எல்லாம் போட்டு ஊறவைத்தது. ஆம், சந்தனம். ஸ்காண்டிநேவியப் பொருள் விற்கும் கடையில் குளிர்ப்பெட்டியில் தகர டப்பாவாகக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு யான்சன் வேண்டாம், உருளைக்கிழங்கு வறுத்துவிடுங்கள்.

இந்த ஊரில் அந்தப் பொருள்களுக்குக் குறை இல்லை. லேக் தெருவில் 1921 முதல் இருக்கும் இங்கபிரெட்சன்ஸ் கடையில் டிசம்பர் மாதம் நிற்கும் வரிசையைப் பார்த்தால் தீபாவளிக்கு முன்தினத்து மிட்டாய்க்கடை தோற்கும். அந்த வரிசையில் முன்னால் நிற்பவர் என் மாமியார், லூட்டஃபிஸ்குக்காக. காய்ந்த மீனைச் சோடாக்காரக் கரைசலில் ஊறவைத்து, பல நாள் தண்ணீர் மாற்றி அலசி, கூழ் பதத்துக்கு வேகவைப்பது. கருவாட்டைக் கண்டு முகம் சுளிக்கும் அமெரிக்காவில், மினசோட்டாத் தேவாலயங்களின் நிலவறைகளில் இதற்கென்று விருந்தே நடக்கிறது. ஸ்வீடனில் இளையவர்கள் பலர் இதைத் தொடுவதே இல்லை. மாமனார் கடைசியாக ஆசையோடு சாப்பிட்டது அவருடைய பாட்டி உயிரோடிருந்தபோது. "நீங்கள் மறந்துவிட்டீர்கள், நாங்கள் காப்பாற்றினோம்" என்பார் மாமியார். "நாங்கள் தப்பித்தோம், நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்" என்பார் மாமனார். எனக்கு இந்த வாதம் நன்றாகவே விளங்குகிறது. ஊரைவிட்டுப் போனவர்கள் புறப்பட்ட நாளின் ஊரைத்தான் பெட்டியில் எடுத்துப்போகிறார்கள். பெட்டி மூடியபின் ஊர் வேறாகிவிடுகிறது. கப்பலில் போன தமிழர்களைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

டிசம்பரில் மாமனாரின் காலை வேறு விதமாகத் தொடங்கும். எழுந்ததும் யேவ்லே ஆடு நிற்கிறதா என்று கைபேசியில் பார்ப்பார். 1966 முதல் அந்த ஊர்ச் சதுக்கத்தில் சுமார் 13 மீட்டர் உயரத்துக்கு வைக்கோல் ஆடு கட்டி நிறுத்துகிறார்கள். கட்டிய முதல் ஆண்டே எரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ முறை. சட்டப்படி குற்றம், இருந்தாலும் யாராவது ஒருவருக்குக் கை அரிக்கும். 2001இல் எரித்தவர் ஓர் அமெரிக்கச் சுற்றுலாப் பயணி. அதுதான் அங்கே சம்பிரதாயம் என்று நம்பியதாகச் சொன்னார். சில நாள் சிறையில் இருந்தார். மாமியாருக்கு வாதத்தில் கை ஓங்கும்போதெல்லாம் மாமனார் "2001" என்று மட்டும் சொல்வார். "அவர் ஒஹாயோக்காரர்" என்று இவர் திருத்துவார். 2023இல் காக்கை இனத்துப் பறவைகள் வைக்கோலில் மிச்சமிருந்த தானியத்துக்காக ஆட்டைக் கொத்திப் பிய்த்துவிட்டன. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாமல் மாமனார் தவித்துப்போனார்.

பரிசு பிரிப்பதிலும் வேகம்தான் வேறுபாடு. அமெரிக்க வீட்டில் பத்து நிமிடத்தில் கூடம் முழுக்கக் காகிதம். ஸ்வீடன் பக்கத்தில் ஒவ்வொன்றாகத்தான். பொட்டலத்தின் மேல் உள்ளே இருப்பதைச் சொல்லாமல் சொல்லும் இரண்டடிப் பாட்டு எழுதியிருக்கும். உரக்கப் படிக்க வேண்டும், எல்லோரும் ஊகிக்க வேண்டும். இது விடுகதை அன்றி வேறென்ன? எனக்கு ஸ்வீடிஷ் தகராறு, ஆங்கிலத்தில் எதுகை வராது. ஆகவே தமிழில் எழுதிக் கணவருக்குப் பொருள் சொல்லிக்கொடுத்தேன். குடைக்கு: "மழைக்கு மலரும் கருப்புப் பூ, மழை விட்டால் சுருங்கும் அரும்பு." மாமனார் சரியாகச் சொல்லிவிட்டார். இப்போது அந்தப் பொறுப்பு எனக்கே நிரந்தரம்.

மரத்தைப் பற்றி ஒரே வார்த்தை. இங்கே நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் நாள் முடிந்த கையோடு வாங்கிவிடுவார்கள், ஸ்வீடனில் ஜனவரி 13 வரை வைத்திருந்து, ஆடிப்பாடி அலங்காரத்தைக் களைந்து அனுப்புவார்கள். இரண்டையும் சேர்த்தால் ஏழு வாரம். எந்த மரமும் தாங்காது. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் வாங்கி, அடியை இரண்டு சென்டிமீட்டர் அறுத்து, தினமும் தண்ணீர் ஊற்றுங்கள். ஜன்னலில் தொங்கும் காகித நட்சத்திரத்தில் மட்டும் எங்கள் வீட்டில் தகராறு வந்ததே இல்லை. அது ஸ்வீடனிலும் தொங்கும், மயிலாடுதுறையிலும் தொங்கும்.

நேரத்தைப் பங்குபோட்டபோது எனக்கென்று எதையும் நான் கேட்கவில்லை. தானாக அமைந்தது. மயிலாடுதுறையில் 25ஆம் தேதி விடியற்காலை ஆராதனைக்கு அம்மா நாலரை மணிக்குப் புறப்படும்போது இங்கே 24 மாலை ஐந்து. பட்டுப்புடவையோடு கோயில் வாசலில் நின்றபடி கைபேசியில் கூப்பிடுவார். போன ஆண்டு நான் மேசையில் கைபேசியைச் சாய்த்துவைத்து அம்மாவோடு பேசிக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டும் சத்தம் கேட்டது. எட்டு வயது மகளும் நான்கு வயது மகனும் ஓடினார்கள். டொம்டே பனியை உதறிக்கொண்டு உள்ளே வந்து, நல்ல பிள்ளைகளைப் பற்றி விசாரித்துவிட்டு, திரையில் அம்மாவைக் கண்டதும் தலை குனிந்து வணங்கினார்.

"சம்பந்தி, தாடி கோணலாக இருக்கிறது பாருங்கள்" என்றார் அம்மா, கோயில் மணிச் சத்தத்துக்கு மேலே.

மகள் மேசைக்குத் தாவி வந்து கைபேசியைக் கையால் மூடிக்கொண்டாள். "உஷ், அம்மாச்சி" என்றாள். "தம்பிக்குத் தெரியாது."